தையல் லைனில் ஒரு பிபி மெஷின்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 43. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட்தான். போன பங்குனியில் பின்மண்டை வலி ஆரம்பித்தது. லீவு என்றால் ஞாயிறு ஒன்றுதான், அதனால் ஞாயிறு காலையில் கிளினிக் போவேன். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் பிபி 128/82 பக்கத்தில்தான். "ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். திங்கள் மதியம் வலி திரும்ப வந்துவிடும்.

அப்புறம்தான் மெடிக்கல் ஷாப்பில் 1,850 ரூபாய் கொடுத்து இந்த டிஜிட்டல் மெஷினை வாங்கினேன். மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற வகை. மணிக்கட்டில் கட்டுவது விலை குறைவு, ஆனால் கை கொஞ்சம் தாழ்ந்தாலும் அளவு மாறிவிடும் என்று கடைக்காரரே வேண்டாம் என்றார். நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்.

மறுநாளே கம்பெனிக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு மணி அடித்ததும் பார்த்தேன். 158/98. மெஷின்தான் கோளாறு என்று நினைத்தேன். சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈஎஸ்ஐக்குப் பிடிக்கிறார்களே, அந்த மருந்தகத்துக்கு மெஷினைக் கொண்டுபோனேன். அங்கிருந்த சிஸ்டர் அவர்களுடைய மெஷினிலும் என்னுடையதிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்று புள்ளிதான் வித்தியாசம். புதிதாக வாங்குகிற எல்லோரும் ஒருமுறை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"மெஷின் சரியாத்தான் இருக்குங்க அக்கா. நீங்க எப்படிப் பார்த்தீங்க? உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் ஆச்சா? ஒண்ணுக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை. காலை எட்டரைக்கு வேலையில் நின்றவள், அதுவரை போகவே இல்லை. அடக்கி வைத்திருந்தால் பிபி 10 புள்ளிக்கு மேல்கூடக் கூடுமாம். பேசிக்கொண்டே பார்த்தாலும் கூடும், கால்மேல் கால் போட்டாலும் கூடும். மெஷினோடு வந்த தாளிலேயே இதெல்லாம் அச்சடித்திருக்கிறது. சாய்ந்து உட்கார வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், அரை மணி நேரம் முன்பிருந்தே டீ குடிக்கக் கூடாது.

அந்தத் தாளைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் லைனில் முதுகு சாய நாற்காலி கிடையாது, ஸ்டூல்தான். ஒரு பெண் எழுந்து போனால் அவள் டேபிளில் பீஸ் குவியும், அடுத்தவள் சும்மா இருக்க வேண்டிவரும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதில்லை. நானும் ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த காலத்தில் குடித்ததில்லை. சூப்பர்வைசர் ஆன பிறகு, யாராவது எழுந்தால் கடிகாரத்தைப் பார்த்தவளும் நான்தான்.

சிஸ்டர் சொன்னபடி ஏழு நாள் பார்த்தேன். காலை இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. கூடவே வேலை நாளில் பதினொரு மணிக்கும், பாத்ரூம் போய்வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிறு 126, 124. வேலை நாள் பதினொரு மணிக்கு 148, 152, 150. நோட்டைப் பார்த்த ஈஎஸ்ஐ டாக்டர், கிளினிக்கில் நார்மலாகத் தெரிந்து வேலை நேரத்தில் ஏறுகிற பிபியும் உண்டு, மாஸ்க்டு ஹைப்பர்டென்ஷன் என்று பெயர் என்றார். கிளினிக்கில் 140/90 எல்லை என்றால், நாமே வீட்டில் பார்க்கும் சராசரிக்கு 135/85. ரத்தம், சிறுநீர் பரிசோதனை எடுத்துவிட்டு ஆம்லோடிபின் என்கிற பிபி மாத்திரை 5 மி.கி. தொடங்கினார். ஊறுகாயைக் குறைக்கச் சொன்னார். இப்போது பதினொரு மணிக்கு 132 பக்கத்தில் நிற்கிறது. பின்மண்டை வலி கடைசியாக வந்து இரண்டு மாதம் ஆகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். எங்கள் கட்டிங் மாஸ்டர் அண்ணனுக்கு 164 காட்டியது. கட்டிங் டேபிளில் கிடந்த டேப்பை எடுத்து அவர் கையைச் சுற்றி அளந்தோம், 36 செ.மீ. சின்னப் பட்டை பெரிய கையில் அளவைக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டை தனியாக 650 ரூபாய் ஆனது. அதில் பார்த்தால் 146. அதுவும் அதிகம்தான், அவரும் இப்போது டாக்டரிடம் போகிறார். இரண்டு பட்டைகளையும் பெட்டியிலேயே கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

தையல் மெஷின் ஓடுகிற டேபிள்மேல் இதை வைத்தால் அதிர்வில் எர்ரர் வருகிறது. துணி ரோல் அடுக்கும் அறைக்குப் போய்த்தான் பார்க்கிறோம். திரையில் வெளிச்சம் இல்லை. பலர் பார்த்தால் மெமரியில் எல்லோருடைய அளவும் கலந்துவிடும், நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். நான்கு பேட்டரி ஆறு மாதம் வந்தது. 5க்கு 4 கொடுப்பேன். வாங்கும் முன் கையை அளந்துகொண்டு போங்கள்.

நோட்டில் இப்போது பதினேழு பெயர்கள். செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு 29 வயதுதான், மூன்று நாள் சேர்ந்தாற்போல் 160 தாண்டியது. "எனக்குத் தலைசுத்தல்கூட இல்லீங்களே அக்கா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நானே கூட்டிப்போய்க் காட்டினேன். அந்த நோட்டை மேனேஜரிடம் கொடுத்தேன், புரட்டிப் பார்த்தார். பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் லைன் நிற்கட்டும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், ஷிப்மென்ட் வாரத்திலும் சேர்த்து. தண்ணீர்க் கேனை லைன் முனைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.