விதைக் குறிப்பேட்டுக்கு கவுச்டிபி: மூன்று பருவங்களுக்குப் பிறகு

மரபு நெல் விதைகளைச் சேகரிக்கும் சிறு குழு எங்களுடையது. ஒவ்வொரு ரகத்தைப் பற்றியும் உழவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது என் வேலை. ஒரு ரகத்துக்குக் குறிப்பு நான்கு வரியில் முடிந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கோ ஊர் ஊராகக் கதை, கஞ்சி வைக்கும் பக்குவம், ஒரு பாட்டி சொன்ன நாற்றுவிடும் நாள் என்று நீண்டுகொண்டே போகும். இதை அட்டவணையில் அடைத்தபோது பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன; மீதியெல்லாம் "இதர குறிப்புகள்" என்ற ஒரே கட்டத்தில் பிதுங்கின. அதனால்தான் கவுச்டிபி (CouchDB) என்ற தரவுத்தளத்துக்கு மாறினேன். ரகத்துக்கு ஓர் ஆவணம். அதில் தேவையான புலங்கள் (தகவல் கட்டங்கள்) மட்டும். அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள் என்பதால் செலவும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒத்திசைவு. வயலில் சிக்னல் கிடைக்காது. கைப்பேசி பிரவுசருக்குள் இயங்கும், கவுச்டிபியோடு இணையும் பவுச்டிபி என்ற சிறு தரவுத்தளம், வரப்பில் நின்று நான் எழுதுவதை அங்கேயே வைத்துக்கொள்கிறது. பஸ் ஏறிச் சிக்னல் வந்ததும் அலுவலகக் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. இதற்குள் தோழியும் அதே ஆவணத்தைத் திருத்தியிருந்தால் ஒரு பதிப்பு முன்னால் நிற்கும், மற்றது அழியாமல் பின்னால் இருக்கும். ஆனால் நாமாகக் கேட்டால்தான் அந்த முரண்பாட்டைக் காட்டும். வாரம் ஒருமுறை தேடிப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

2016-இல் வந்த 2.0 பதிப்பு முதல் மேங்கோ என்ற வினவல் (தேடல்) முறை இருக்கிறது. "நிறம் சிவப்பு, நாள் (விளைய ஆகும் நாள்) 120-க்குக் குறைவு" என்று கேட்டேன். பூங்கார் நெல் வரவில்லை! ஆவணத்தைத் திறந்து பார்த்தால் நாள் என்ற இடத்தில் 90 மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது. அது எண் அல்ல, எழுத்துச் சரம்; அதாவது, கணினிக்கு அது வெறும் சொல் மாதிரி. கவுச்டிபியின் வரிசையில் சரங்கள் எல்லா எண்களுக்கும் பிறகே வரும். ஆகவே அந்த 90, 120-ஐவிடப் பெரியதாகிவிட்டது. அன்றே, எண்ணாக இல்லாத நாளை ஏற்காத சரிபார்ப்பு ஒன்றை எழுதிச் சேர்த்தேன். எதையும் எழுதலாம் என்று இடம் தரும் தரவுத்தளத்துக்கு இந்தக் காவல் கட்டாயம் வேண்டும்.

வரம்பு சொல்லாவிட்டால் மேங்கோ 25 ஆவணங்களை மட்டுமே தரும். இன்டெக்ஸ் (தேடலுக்காக முன்பே வரிசைப்படுத்திய பட்டியல்) இல்லாவிட்டால் எச்சரித்துவிட்டு எல்லா ஆவணங்களையும் புரட்டும்.

தமிழ் அகரவரிசை பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆகவே சொல்கிறேன். ஆவண அடையாளத்துக்குத் தமிழில் ஊர்ப் பெயரையே வைத்தால், முழுப் பட்டியல் யூனிகோடு எண் (ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள எண்) வரிசையில் வருகிறது: சீர்காழி, ஜெயங்கொண்டம், தஞ்சாவூர். வியூ (ஆவணங்களிலிருந்து கவுச்டிபி தொகுத்து வைக்கும் பட்டியல்) வழியாகவோ மேங்கோ இன்டெக்ஸ் வழியாகவோ எடுத்தால், கிரந்த எழுத்தில் தொடங்கும் ஜெயங்கொண்டம், வேதாரண்யத்துக்கும் பின்னால் முறையாகப் போய் நிற்கிறது. அதைத் திரையில் பார்த்தபோது மனம் நிறைந்தது. புள்ளி எழுத்தில் மட்டும் பிசகுகிறது: 'க்' என்பதை 'க'-வுக்கு முன் வைக்காமல் 'கௌ'-வுக்குப் பின் வைக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் பட்டியலில் அந்த இடங்களை நான் கையால் மாற்றி அனுப்புகிறேன்.