பார்க்கின்சன் உள்ளவர் இரவில் புரண்டு படுக்க: மெத்தைக்கு அடியில் செருகும் கைப்பிடி எப்படி?

பார்க்கின்சன் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது நடுக்கத்தால்தான் என்று வீட்டில் நினைப்பார்கள். நன்றாகத் தூங்கும்போது நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். இரவில் வதைப்பது இறுக்கம். சாயங்காலம் போட்ட பார்க்கின்சன் மாத்திரையான லெவோடோபாவின் வேகம் நடுராத்திரியில் தீர்ந்துபோகும், உடம்பு திரும்ப மறுக்கும். ஒரே பக்கமாகக் கிடந்து தோள் வலிக்கும், சிறுநீர் முட்டும். பக்கத்தில் படுத்திருப்பவரைத்தான் எழுப்ப வேண்டும். இரண்டு பேருக்கும் தூக்கம் போச்சு.

இந்தச் சிக்கலுக்கு மெத்தைக்கு அடியில் செருகும் கட்டில் கைப்பிடி உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் சரியாகப் பொருத்தாவிட்டால் ஆபத்தான பொருளும் இதுவே.

புதுச்சேரியில் சர்ஜிக்கல் கடைகளில் ‘பெட் ரெயில்’ என்று கேட்டால் சில நேரம் கட்டில் நீளத்துக்கு வரும் வேலியைக் காட்டுவார்கள். அது வேண்டாம். எழ நினைப்பவர் அதன்மேல் ஏறி விழுந்தால் அடி இன்னும் பலமாகப் படும். பிடித்து எழுவதற்கான குட்டைக் கைப்பிடி என்று விளக்கிக் கேளுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மெத்தைக்கு அடியில் போகிற இரண்டு கம்பிகள் மட்டும் இருக்கும். மற்றதில் கம்பியோடு ஒரு பலகையும் வரும். பலகை உள்ளதையே எடுங்கள், எடை பரவுவதால் ஆடாது. இலவம்பஞ்சு மெத்தையில் கம்பி மட்டும் உள்ளது ஒரு பக்கமாக அமுங்கிச் சாய்கிறது. 4, 5 அங்குலத் தென்னைநார் மெத்தையில் இரண்டுமே பரவாயில்லை. நாடாக் கட்டிலுக்கு எதுவும் ஒத்துவராது.

எந்த வகையானாலும் பெல்ட் இல்லாமல் வாங்கவே கூடாது. அந்த பெல்ட் மெத்தைக்கு அடியில் குறுக்கே போய், கட்டிலின் மறுபக்கச் சட்டத்தைச் சுற்றி இறுக வேண்டும். கீழே பெட்டி வைத்த கட்டிலில் சட்டத்தைச் சுற்ற வழி இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கைப்பிடியை விட்டுவிட்டு, தச்சரைக் கூப்பிட்டு கட்டிலோரச் சுவரில் குளியலறைக் கைப்பிடி அடிப்பது மேல்.

பெல்ட்டை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. உடம்பை இழுக்க இழுக்க, கைப்பிடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே சந்து விழும். புரளத் தெம்பில்லாதவர் அந்தச் சந்தில் சரிந்தால் கழுத்தோ மார்போ மாட்டிக்கொள்ளும். 2021இல் அமெரிக்காவில் இவ்வகைக் கம்பிகள் சில, இப்படி மாட்டி நேர்ந்த மரணங்களால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மருத்துவமனைக் கட்டில்களுக்கு அங்கே சொல்லும் அளவு, தலை நுழையக்கூடிய எந்த இடைவெளியும் 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. கடையிலேயே டேப் வைத்து வளையத்தின் உள் அகலத்தை அளந்து பாருங்கள். குறுக்குக் கம்பி இல்லாத பெரிய வளையம் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் வாரம் ஒருமுறை மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவே முஷ்டியை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பெல்ட்டை இறுக்கும் நேரம் வந்துவிட்டது. நினைவு தடுமாறுகிறவருக்கோ ராத்திரியில் குழம்புகிறவருக்கோ இந்தக் கைப்பிடியே வேண்டாம்.

பொருத்தும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தலைமாட்டில் வைத்தால் தோளுக்கு மேலே கை தூக்கிப் பிடிக்க வேண்டும், அதில் பலமே கிடைக்காது. மல்லாந்து படுத்தால் கைப்பிடி மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே வர வேண்டும். தலைப்பலகைக்கும் அதற்கும் ஒரு அடிக்கு மேல் இடம் விடுங்கள். எந்தப் பக்கமாக இறங்குவாரோ அந்தப் பக்கத்தில் பொருத்துங்கள்.

பழக்க வேண்டிய முறை இது. முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தை ஊன்ற வேண்டும். தலையைக் கைப்பிடிப் பக்கம் திருப்பி, எதிர்க்கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடித்து, முழங்கால்களை அதே பக்கம் சாய்த்தால் இடுப்பு தானாகத் திரும்பும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, அடிக்கையின் முழங்கையை ஊன்றி எழ வேண்டும். கைப்பிடி சமநிலைக்குத்தான். முழு எடையையும் அதில் தொங்கவிட்டால் கட்டிலே நகர்ந்துவிடும். உட்கார்ந்ததும் ஓரிரு நிமிடம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். இந்த நோயில் எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது சகஜம்.

கைப்பிடியோடு சேர்த்து ஒரு மீட்டர் சாட்டின் துணியும் வாங்குங்கள். பருத்தி விரிப்பின் மேல், தோளிலிருந்து இடுப்பு வரை வரும்படி குறுக்கே விரித்து இரண்டு பக்கமும் செருகினால் உடம்பு வழுக்கித் திரும்பும். குதிகால் படுமிடமும் உட்கார்ந்து இறங்கும் ஓரமும் பருத்தியாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் வழுக்கிக் கீழே இறங்கிவிடுவார். சாட்டின் விரிப்பின்மேல் சாட்டின் உடுப்பு கூடவே கூடாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் துணியில் படுத்தால் வியர்க்கும் என்பது குறைதான், ஆனாலும் பலன் அதிகம். லுங்கியும் நீள நைட்டியும் காலில் சுற்றிப் புரளவிடாது. பைஜாமா நல்லது.

கடலோர உப்புக்காற்றில் பவுடர் பூச்சு முதலில் போல்ட் துளையில்தான் உரியும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு எவர்சில்வர் கம்பிதான் சரி.

கனவில் உதைப்பது, குத்துவது, கத்துவது வேறு பிரச்சினை. பார்க்கின்சன் தெரியவருவதற்குப் பல வருடம் முன்பே அது தொடங்கலாம். அதற்கு இந்தக் கைப்பிடி தீர்வு இல்லை; கை மோதிக் காயம்தான் ஆகும். ஏற்கெனவே பொருத்தியிருந்தால், ஏசி மெக்கானிக்குகள் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயைக் கம்பிமேல் மாட்டுங்கள். கட்டிலோரம் தரையில் ஒரு மெத்தை போடுங்கள். எழும்போது தடுக்காமல் இருக்க அதை ஓரமாக இழுத்துவிட வேண்டும். கனவில் உதைப்பதற்கு மருந்து உண்டு, ஜிப்மர் போன்ற இடங்களில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். புரள முடியாத நேரத்தையும் அவரிடம் மணியோடு எழுதிக் கொடுங்கள். ராத்திரி மாத்திரையின் வகையையோ நேரத்தையோ அவரே மாற்றுவார். நாமாக மாற்றக் கூடாது.

கடைக்குப் போகும் முன் மெத்தையின் தடிமன், அகலம், தரையிலிருந்து மெத்தை மேல்பரப்பின் உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். விளிம்பில் உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் படியாவிட்டால், கைப்பிடிக்கு முன்னால் கட்டில் காலைத்தான் சரிசெய்ய வேண்டும்.