முயலை ஊருக்குக் கூட்டிப் போவதா, வீட்டில் விட்டுப் போவதா?

பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பும்போது முயல் வளர்ப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு
கூட்டிப் போனால்: கூண்டு ஒரு முறை வாங்கினால் போதும்.
விட்டுப் போனால்: பார்த்துக்கொள்பவருக்கு ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும்.

வெயில்
கூட்டிப் போனால்: முயல் பெரும்பாலும் காது வழியாகத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். பகல் பஸ் வேண்டவே வேண்டாம், விடியற்காலைக் கார்தான் சரி.
விட்டுப் போனால்: பயணச் சூடு இல்லை.

சாப்பாடு
இதுதான் முக்கியம். பயந்த முயல் சாப்பிடாது. 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகலாம்.
கூட்டிப் போனால்: கூண்டில் காய்ந்த புல்லும், ஈரம் சொட்டும் கொத்தமல்லித் தழையும் வையுங்கள்.
விட்டுப் போனால்: காலையும் மாலையும் ஒருவர் வந்து, புதிதாகப் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டுப் போகிறவரை நம்பி விடாதீர்கள்.

இரண்டு மூன்று நாள்தான், நம்பகமான பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார் என்றால் விட்டுப் போங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்து, சொந்தக் காரும் அங்கே நாய், பூனை நுழையாத தனி அறையும் இருந்தால் கூட்டிப் போகலாம். அப்புறம், காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று அங்குள்ள குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தீபாவளி என்றால் வெடிச்சத்தம் எங்கே குறைவோ, அங்கே இருக்கட்டும்.