பின் ஆக்சிலைப் பிடிப்பது எது: பான்ஹார்ட் தண்டா, முக்கோண அமைப்பா?

கன்டெய்னர் லாரிகளோடு எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடவேண்டிய, மாற்றியமைத்த ஜீப் ஒன்றில், பின் ஆக்சிலை (பின் சக்கரங்களின் அச்சை) சேஸிஸோடு (வண்டிச் சட்டத்தோடு) இணைக்கும் இணையான நான்கு தண்டுகளோடு, ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கும் குறுக்குத் தண்டான பான்ஹார்ட் தண்டையும் பூட்டினால், அதன் ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் இருப்பதால், ஆக்சில் ஏறி இறங்கும்போது வில்வளைவாகப் பக்கவாட்டிலும் நகரும். கிடைமட்டமாக உள்ள 900 மி.மீ. தண்டில், ஆக்சில் 75 மி.மீ. ஏறினால் இந்த நகர்வு ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே, 600 மி.மீ. தண்டில் அது 5 மி.மீட்டரை நெருங்கும், தண்டு சாய்வாகவே தொடங்கினால் இன்னும் கூடும் (வண்டியை உயர்த்தும் ஆசையில் பலர் மறப்பது இதைத்தான்). அந்த நான்கில் மேலுள்ள இரண்டு தண்டுகளை முக்கோணமாகச் சாய்த்துவிட்டால் இந்த நகர்வு ஏறத்தாழ இல்லை. தனியாகப் பான்ஹார்ட் தண்டும் தேவையில்லை. ஆனால் டிஃபரன்ஷியலுக்கு (ஆக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டிக்கு) மேலே இடம் வேண்டும்; பக்கவாட்டு விசையைப் பெரும்பாலும் மேல் தண்டுகளின் புஷ்களே (மூட்டுகளிலுள்ள மெத்தை உறைகளே) தாங்கவேண்டும். பெட்ரோல் டேங்க் வழிவிட்டால் முக்கோணத்தையே நான் தேர்வேன்.