பசி கிடப்பதா, வயிறு நிறையச் சாப்பிடுவதா? எடை குறைக்க நாங்கள் பார்த்த வழிகள்

போன வருடம் கிளினிக்கில் சின்னம்மாவைப் பத்துக் கிலோ குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். சுகர் தொடங்கியிருந்தது, முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து குடையை மடக்கி வைக்கும்போதே சொல்லிவிட்டார்: "பிள்ளை, நடக்கச் சொன்னா நடக்கிறன். இனிப்பை விடச் சொன்னா விடுறன். பசி கிடக்க மட்டும் என்னாலை ஏலாது."

2009இல் போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பியவர் அவர். வன்னியில் அந்த வயதுக்காரர் யாரிடமும் 'பசியை அடக்குங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வீட்டில் ஆளுக்கொரு வழியாகப் பார்த்தபோது, எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: பின்னேரம் நாலு மணிக்கு வயிறு என்ன சொல்கிறது? தேத்தண்ணிக் கடையில் வடையும் றோல்ஸும் சூடாக வரும் நேரம் அது. காலையிலிருந்து காத்த கட்டுப்பாடு அனேகமாக அங்கேதான் உடைகிறது.

முதலில் காலைச் சாப்பாட்டை விடும் வழி. தம்பி இதைத்தான் எடுத்தான். ஒரு பிளேன்ரீ, பிறகு பன்னிரண்டு மணிக்கு நேராகச் சோறு. முதல் கிழமை நன்றாகத்தான் போனது. இரண்டாம் கிழமை அவனுடைய மத்தியானக் கோப்பையைப் பார்த்தேன்: இரண்டு நேரச் சோறு ஒரு நேரத்தில் குவிந்திருந்தது. சாப்பிடும் மணிகளைச் சுருக்குவதில் தனியான மந்திரம் எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கலோரி அளவு. ஒரு பகுதியினர் மட்டும் காலை 8 முதல் பின்னேரம் 4 வரைதான் சாப்பிட்டார்கள். இரு பகுதியினருக்கும் எடை குறைந்தது. இடையிலிருந்த வித்தியாசம் சொல்லத்தக்கதாக இல்லை. காலையில் இயல்பாகவே பசிக்காதவருக்கு இந்த வழி லேசு. விடிய ஐந்து மணிக்கு வயலில் இறங்குகிறவருக்குச் சரிவராது. இன்சுலின் போடுகிறவர்களும் சில சுகர் மாத்திரைகள் எடுக்கிறவர்களும் கிளினிக்கில் கேட்காமல் ஒரு நேரத்தைக்கூட விடக்கூடாது. சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழ இடமுண்டு.

கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் ஊரில் அது விசுக்கோத்தும் தேத்தண்ணியுமாகத்தான் முடிகிறது. இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி ஐந்து தரம் குடித்தால் சீனியில் மட்டும் 160 கலோரி. பசி தீர்ந்ததுமில்லை.

மிஞ்சியது, வயிறு நிறையச் சாப்பிட்டே எடையைக் குறைப்பது. 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 38 உணவுகள், ஒவ்வொன்றிலும் 240 கலோரி. சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 என்று வைத்தபோது அவித்த உருளைக்கிழங்கு 323க்குப் போனது. மீன் 225. வெண்ணெய் போட்ட குறோசான் வெறும் 47. எனக்குப் பெரிய ஆச்சரியம் சோறு. தவிட்டரிசிச் சோறும் வெள்ளைச் சோறும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றன. சிவப்பரிசிக்கு மாறினால் போதும், பிறகு எவ்வளவும் சாப்பிடலாம் என்று எத்தனை பேர் நம்புகிறார்கள்! சிவப்பரிசி நல்லதுதான், அளவு அளவுதான்.

சரி, எங்கள் காலைச் சாப்பாடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம். ஒரு றாத்தல் பாண் 450 கிராம். கால் றாத்தலில் ஏறத்தாழ 300 கலோரி, புரதம் பத்துக் கிராம் அளவில். அதே 300 கலோரிக்கு அவித்த கௌபி என்றால் 260 கிராம் வரும், அதாவது ஒன்றரைக் கப். புரதம் இருபது கிராம், நார்ச்சத்து பாணைவிடப் பல மடங்கு. பாணை நான் ஐந்து நிமிடத்தில் சம்பலோடு முடித்துவிடுவேன். கௌபியை மென்று முடிக்கக் கால் மணித்தியாலம் போகும். பாண் சாப்பிட்ட நாளில் பத்து மணிக்கே கை விசுக்கோத்துப் பேணியைத் தேடும். கௌபி நாளில் மத்தியானம் வரை அந்த நினைப்பே வராது.

புட்டு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. குரக்கன் புட்டென்றால் இன்னும் கொஞ்சம் மேல். ஆனால் தேங்காய்ப்பூவைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுகிறோம். 100 கிராம் தேங்காய்ப்பூ 350 கலோரி. குழல் நிறையப் புட்டு, மேலே வாழைப்பழம், பக்கத்தில் சீனி என்றால் பாணே பரவாயில்லை.

கணக்குப்படி பார்த்தால் இலைக்கஞ்சியை வெல்ல எதுவுமில்லை என்று நினைத்தேன். ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பச்சைப்பயறு, முருங்கையிலை, வல்லாரை. பானை நிறைய வரும், கலோரி கொஞ்சம். பயறு போடாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், போட்டால் தாங்கும். ஒரு காலை ஆவி பறக்கக் கொண்டுபோய்ச் சின்னம்மாவுக்கு முன்னால் வைத்தேன். இரண்டு அகப்பை குடித்தார். பிறகு கோப்பையை மெதுவாகத் தள்ளிவைத்தார். "மே மாதம் கோயிலடியிலை குடுக்கேக்கை குடிப்பன். ஒவ்வொரு நாளும் குடிக்கேலாது பிள்ளை." மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கொடுக்கும் கஞ்சியைத்தான் சொன்னார். போர்க்காலத்தில் உப்பும் அரிசியும் தண்ணீருமாக வரிசையில் நின்று வாங்கிய கஞ்சி அவருக்கு இன்னமும் நாவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு நான் கஞ்சி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் அந்த ஞாபகம் குறுக்கே நிற்காவிட்டால் கஞ்சியைத் தாராளமாக எடுங்கள்.

மத்தியானத்துக்குச் சோற்றை விட வேண்டியதில்லை. கோப்பையின் முறையை மாற்றினோம். முன்பு சோறு மலை, கறி ஓரம். இப்போது பாதிக் கோப்பை பயிற்றங்காய், புடலங்காய், கீரை என்று மரக்கறி. அவற்றில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பது. இரணைமடுக் குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) ஒரு பெரிய துண்டு. 100 கிராமில் இருபது கிராம் புரதம், கலோரி 100ஐ ஒட்டி. குழம்பு வைத்தால் இந்தக் கணக்குப் பெரிதாக மாறாது. பொரித்தால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி கூடும். உருளைக்கிழங்கு அந்தச் சிட்னிப் பட்டியலில் முதலாவது என்றாலும் சுகரை வேகமாக ஏற்றும். சின்னம்மாவுக்குச் சிறிய துண்டு மட்டும்.

ஒட்டுசுட்டான் பக்கம் மாமாவுக்கு இது எதுவும் சரிவரவில்லை. காரணம் சாப்பாடு இல்லை, நித்திரை. கதிர் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்கிறார். நாலு மணி நேரம் தூங்கினால் பெரிய விஷயம். மறுநாள் முழுக்க வாய் இனிப்பையே கேட்கும் என்கிறார். 2004இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. காவல் காலத்தில் எடையைக் குறைக்கப் பார்க்க வேண்டாம், கூடாமல் வைத்திருந்தால் காணும், அறுவடை முடியப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

எடையைக் குறைப்பதில் இன்னொரு பொல்லாப்பும் இருக்கிறது. மெல்பேணில் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். பசி ஹோர்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. 2011இல் வந்த ஆய்வு அது. குறைத்த எடை திரும்ப ஏறினால் மனம் பலவீனம் என்று யாரையும் ஏசாதீர்கள்.

சின்னம்மா எட்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியிருக்கிறார். காலையில் கௌபி அல்லது கடலை, மத்தியானம் மாற்றிய கோப்பை. நாலு மணிக்கு அவரே அடுப்பில் ஒரு முட்டையை அவிக்க வைத்து, வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டி மிளகு தூவுகிறார். சீனியில்லாத பிளேன்ரீயோடு மாமரத்தடியில் இருந்து சாப்பிடும்போது, "இண்டைக்கும் பசி கிடக்கேல்லை" என்கிறார்.