மாடு ஏற்றப் பழைய வண்டி: ஏஸா, தோஸ்தா, பொலேரோ பிக்கப்பா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கறவை மாடு வாங்கி விற்கவும், நோய்ப்பட்ட பசுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் பழைய வண்டி தேடுகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், பிறகு இன்ஜினைப் பார்க்கிறார்கள். பாடியின் நீள அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2016 ஜனவரி முதல் நடப்பிலுள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி, ஒரு பசுவுக்கோ எருமைக்கோ 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25, ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் என்று தனித்தனித் தடுப்போடு இடம் விட வேண்டும்.

டேப்பை எடுத்து அளந்தால் கணக்கு இப்படி வரும். டாடா ஏஸின் பாடி 2.20 மீட்டர் நீளம், 1.49 அகலம், 3.28 சதுர மீட்டர். ஒரு மாடுதான். அசோக் லேலண்ட் தோஸ்த் 2.50க்கு 1.62, 4.05. ஏட்டில் இரண்டு மாடு. ஒன்பது அடி பாடி உள்ள மஹிந்திரா பொலேரோ பிக்கப் 2.765க்கு 1.70, 4.70. இரண்டு மாடு தாராளமாக நிற்கும், இரண்டு குதிரைக்கும் கணக்கு சரியாக வரும்.

தோஸ்தில்தான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. மாடு குதிக்காமலிருக்கப் பக்கங்களைப் பைப் சட்டம் வைத்து உயர்த்த வேண்டும். அந்தப் பைப் சட்டத்தைப் பலகைக்கு உள்பக்கம் நிறுத்தி வெல்டிங் செய்தால், 4 சென்டிமீட்டர் பைப் நான்கு புறமும் இடத்தைத் தின்று 3.73 சதுர மீட்டர்தான் மிஞ்சும். இரண்டாவது மாடு அப்போதே விதிக்கு வெளியே போய்விட்டது. பைப் சட்டத்தைப் பலகைக்கு வெளிப்பக்கம் கொண்டுவந்து, பாடியின் அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். வெறும் பக்கப் பலகையில் பிடித்தால் மாடு சாயும்போது பலகையே விரிந்துவிடும். மாடலுக்கு மாடல் பாடி அளவு மாறும்; விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் நீங்களே அளந்து பாருங்கள்.

இனி வண்டிகள். ஏஸ் 2005இல் வந்தது. பழைய டீசல் ஏஸில் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன்; ஏற்றக்கூடிய எடை 750 கிலோ. ஜெர்சி கலப்பினப் பசு 350 முதல் 400 கிலோ இருக்கும், ஆக எடை பிரச்சினையில்லை. பிரச்சினை உயரம்தான். வண்டியின் எடையில் ஏறக்குறைய பாதி எடையுள்ள உயிர் ஒன்று, ஒன்றரை மீட்டர் அகலத்தில், நின்றுகொண்டே வருகிறது. வளைவில் அது ஒரு பக்கம் கால் மாற்றினால் வண்டியும் அந்தப் பக்கம் சாய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று அடிக்கும் நாட்களில், வள்ளியூர்ப் பக்கம் மாடு பிடித்துக்கொண்டு ஏஸில் திரும்புவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பேச்சிப்பாறை, பத்துகாணி ஏற்றங்களிலும் முதல் கியர், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே போய் இன்ஜின் சூடாகும். ஆனால் பூதப்பாண்டி, சுசீந்திரம், தோவாளை வட்டாரச் சமவெளியில் ஒரே மாட்டை ஏற்றிப் போக ஏஸ் போதும். தளம் தாழ்வு, மாடு எளிதாக ஏறும். குறுகிய ஊடுவழியிலும் நுழையும். குதிரைக்கு மட்டும் வேண்டாம்.

தோஸ்த் 2011இல் வந்தது. 1478 சிசி, மூன்று சிலிண்டர், 1.25 டன். மாவட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வண்டி என்பது எங்கள் கருத்து. ஒரு மாட்டோடு ஏற்றத்தில் திணறாது, விலையும் பிக்கப் அளவுக்கு ஏறவில்லை. பிக்கப்பின் 2523 சிசி, நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின் இன்னும் நிதானமாக இழுக்கும். குலசேகரம், கடையால், ஆறுகாணி என்று மேற்கு மலையோரத்தில் அடிக்கடி இரண்டு மாடு ஏற்றுகிறவர்களும் குதிரை வைத்திருப்பவர்களும் கூடுதல் பணம் கொடுத்து இதையே வாங்கலாம். பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள் என்பதால், மழையில் ஈரச் செம்மண் ஏற்றத்தில் வெறும் வண்டியாகப் போகும்போது மூன்றுமே வழுக்கும்.

ஜீப்பின் பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும். நம் ஊர்ச் சந்துகளில் அதைப் பின்னால் எடுப்பதும் பெரும்பாடு. ஒன்றிரண்டு மாட்டுக்கு அது தேவையில்லை.

எந்த வண்டி என்பதைவிட, அந்த வண்டி இதுவரை என்ன ஏற்றியது என்பது முக்கியம். நம் மாவட்டப் பதிவான டிஎன் 74, டிஎன் 75 வண்டிகளில் இதை அடியில் படுத்துப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியென்றால், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடியின் பின் மூலைகள் வழியாக ஒழுகிச் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மீது விழுந்துகொண்டே இருந்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். கமான் பட்டை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) மாட்டியிருக்கும் தொங்கல், கடைசிக் குறுக்குச் சட்டம், பிரேக் பைப் மூன்றையும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால், என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடட்டும்.

ரப்பர் பால் ஏற்றிய வண்டியில் வேறு தொல்லை. பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா செம்பை அரிக்கும். பின் விளக்கின் வயர் இணைப்புகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று கழற்றிப் பாருங்கள். தோட்ட ஏற்றத்தில் ஓடியதால் கிளட்ச் பிளேட்டும் தேய்ந்திருக்கலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விடும்போது இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

செங்கல், எம்சாண்ட் ஓடிய வண்டியில் கமான் பட்டைகளை எண்ணுங்கள். கூடுதல் பாரத்துக்காக ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருப்பார்கள். இது மாட்டுக்குக் கேடு. இரண்டு டன்னுக்குக் கட்டிய கமான் நானூறு கிலோ மாட்டுக்கு வளையவே வளையாது. ஒவ்வொரு குழியிலும் தளம் தூக்கிப் போடும், மாடு முழங்காலில் விழும், நிறை மடியுள்ள பசுவுக்கு வலி தாங்காது. சேர்த்த பட்டையை எடுத்துவிட்டுக் கம்பெனி கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். தேங்காய், காய்கறி ஓடிய வண்டி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

இன்ஜின் சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் புகை (இன்ஜினுக்குள்ளிருந்து திரும்பி வரும் புகை) குப்குப்பென்று வரக் கூடாது. எட்டு மூட்டை சிமென்ட் ஏற்றி ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். அது ஒரு மாட்டின் எடை. ஆனால் மூட்டை தளத்தோடு தாழ்ந்து கிடப்பதால் ஆட்டத்தை அது காட்டாது.

காகிதத்தில் கவனிக்க வேண்டியவை சில. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும் வேண்டும். பிக்கப்பில் அதற்குக் கீழும் மேலும் வகைகள் உண்டு, பார்த்து வாங்குங்கள். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து கேரளப் பதிவு கேஎல் வண்டி மலிவாகக் கிடைத்தால் என்ஓசி (தடையின்மைச் சான்று), மறுபதிவு, வரி மூன்றையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

வாங்கிய பிறகு தளத்தில் தகரம் தெரியவே கூடாது. சாணமும் மூத்திரமும் பட்ட தகரத்தில் மாடு கால் ஊன்றாது. தென்னைநார்ப் பாயை அசையாமல் ஆணியடித்து விரியுங்கள். ஏற்றும் பலகை, தள உயரத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாத நீளம் வேண்டும். 75 சென்டிமீட்டர் தளத்துக்கு 2.25 மீட்டர். குறுக்குக் கட்டைகளை ஓர் அடிக்கு ஒன்றாக அடியுங்கள். மாட்டின் முகம் இன்ஜின் பக்கம் இருக்கட்டும், கயிறு கழுத்தில் இருக்கட்டும், மூக்கணாங்கயிற்றில் கட்டவே வேண்டாம். கூட ஓர் ஆள் போக வேண்டும் என்பதும், அந்தப் பயணத்தில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்பதும் விலங்குகளை ஏற்றிச் செல்வது பற்றிய 1978ஆம் ஆண்டு விதியிலேயே உண்டு. மாடு பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவர் சான்றை ஆர்சியோடு சேர்த்தே வையுங்கள்.