ஸ்விட்ச்சில் கியூஓஎஸ்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

எங்கள் அலுவலகம் இரண்டு மாடி. மாடிக்கு ஒரு 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது), இரண்டையும் இணைக்க நடுவில் ஒரே ஒரு 1 ஜிகாபிட் அப்லிங்க். போன்களும் இதே நெட்வொர்க்கில்தான். மதியமானால் போன் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அதற்காகத்தான் கியூஓஎஸ் (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று ஸ்விட்ச்சுக்குச் சொல்லும் வசதி) பக்கமே போனேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 20 எம்பிபிஎஸ் என்று கடிவாளம் போட்டேன். கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. அளவைத் தாண்டிய பாக்கெட்டை ஸ்விட்ச் காத்திருக்க வைக்காமல் தூக்கி எறிகிறது. தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறை பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பர்ஸ்ட் அளவை, அதாவது திடீர்க் கூட்டத்துக்கு விடும் சலுகையைக் கூட்டியதும் ஓரளவு சரியானது. ஆனாலும் அலுவலகத்தில் திட்டு ஓயவில்லை, கடிவாளத்தை எடுத்துவிட்டேன்.

உண்மையில் போனுக்கு அவ்வளவு பாதை தேவையே இல்லை. ஜி.711 என்ற குரல் முறையில் அழைப்பு ஒன்று ஒரு திசையில் 90 கேபிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். இருபது பேர் பேசினாலும் 2 எம்பிபிஎஸ் தாண்டாது. மேல்மாடிக் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழ்மாடி சர்வருக்கு பேக்கப் அனுப்பும்போது, அப்லிங்கின் வாசலில் குரல் பாக்கெட்டும் அந்தக் கூட்டத்தோடு நிற்கிறது, அதுதான் சிக்கல். அந்தப் போர்ட்டின் டிராப் கவுன்டர் (தூக்கி எறிந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) மதியம் மட்டும் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் இது புரிந்தது. நெரிசல் இல்லாத போர்ட்டில் முன்னுரிமை வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

சரி என்று போன்களுக்கு மட்டும் தனி வாய்ஸ் விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனி நெட்வொர்க்) பிரித்து, ‘இது குரல்’ என்று பாக்கெட்டில் போன்கள் போடும் டிஎஸ்சிபி 46 முத்திரையை ஸ்விட்ச் நம்பும்படி வைத்தேன். மாற்றமே இல்லை! இரண்டு நாள் மண்டை காய்ந்த பிறகு எந்த முத்திரை எந்த வரிசைக்கு என்று சொல்லும் கியூ மேப்பைத் திறந்தேன். 46 போய் விழுவது 6ஆம் வரிசையில். ஸ்ட்ரிக்ட் முன்னுரிமை (மற்ற வரிசைகளுக்கு முன்னால் எப்போதும் முதலில் அனுப்புவது) இருப்பதோ 8ஆம் வரிசைக்கு மட்டும். முத்திரை சரி, வரிசை தப்பு. மாற்றிய அன்றே மதியப் பேச்சு தெளிவானது.

எல்லா போர்ட்டையும் நம்பச் சொல்லாதீர்கள். ஒரு கணினியில் இருந்த மென்பொருள் தன் போக்குவரத்து முழுவதுக்கும் 46 போட்டுக்கொண்டு ராஜபாட்டையில் போய்க்கொண்டிருந்தது. இப்போது போன் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்புகிறேன், மற்றதெல்லாம் 0, அதாவது முன்னுரிமை இல்லாத முத்திரை.

இன்டர்நெட் மெதுவாக இருப்பதற்கு இதெல்லாம் மருந்தல்ல. அந்த நெரிசல் ரவுட்டரில் இருக்கிறது, ஷேப்பிங்கும் (பாக்கெட்டை எறியாமல் காக்க வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது) அங்கேதான் போட வேண்டும்.

போன வருடம் மறுபடி பேச்சு உடைந்தபோது வரிசைகளையெல்லாம் நோண்டினேன். கடைசியில் பார்த்தால் அப்லிங்க் கேபிளில் ஒரு ஜோடி அறுந்து, இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருந்தது. கேபிளை மாற்ற ஐந்து நிமிடம்.

அப்புறம் ஒரு மின்வெட்டில் ஸ்விட்ச் அணைந்து எழுந்தது, நான் செய்திருந்த அமைப்புகள் ஒன்றுகூட இல்லை. ‘அப்ளை’ அழுத்தியிருந்தேன், ‘சேவ்’ அழுத்தவில்லை.